காய் பிடிக்கும் கை

காய் நறுக்கப் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது அவர்களுடைய இடது கையை. வலது கையில் கத்தி இருக்கிறது; அந்தக் கைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வெட்டுப்படுவது காயைப் பிடித்திருக்கிற கைதான். அதிலும் ஆள்காட்டி விரலின் நுனியும் கட்டைவிரலின் பக்கமும்தான் அடிக்கடி மாட்டும். ஆனால் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பேச்சு முழுக்கக் கத்தியைப் பற்றியே இருக்கும். "பாத்து, கூரா இருக்கு", "மெதுவா நறுக்கு" என்பதோடு பாடம் முடிந்துவிடும். காயைப் பிடிக்கிற கையில் விரல்கள் எந்தப் பக்கம் மடங்க வேண்டும், கட்டைவிரல் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதை யாரும் உட்காரவைத்துக் காட்டுவதில்லை. இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: கத்தி பிடிக்கிற கைக்கு முன்னால் காய் பிடிக்கிற கை பழக வேண்டும்.

மதுரையைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களில் சமையல் மாஸ்டர்களுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிற குழு எங்களுடையது. அடுப்பு மாஸ்டருடையது, மாவும் மசாலாவும் அவருடைய ஆட்களுடையது, காய் எங்கள் பொறுப்பு. பந்தியில் உட்காருகிறவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மண்டபத்தின் பின்பக்கம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ மூட்டைகள் வந்து இறங்கும். ஆயிரம் பேர் சாப்பாடு என்றால் பீன்ஸ் பொரியலுக்கு மட்டுமே 50 கிலோவுக்கு மேல் ஆகும். சாம்பாருக்கு முருங்கையும் கத்தரியும், கூட்டுக்குப் பூசணி, வறுவலுக்கு வாழைக்காயோ சேனையோ, அவியலுக்கு ஏழெட்டு வகை, இதெல்லாம் போக வெங்காயம். விடிவதற்குள் எல்லாம் அண்டாக்களில் இருக்க வேண்டும். வீட்டில் எப்போதோ ஒரு தடவை வழுக்குகிற கை, இங்கே ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான தடவை கூருக்குப் பக்கத்தில் போய்த் திரும்புகிறது. அதனால் வீட்டில் சின்னக் கவனக்குறைவாகத் தெரிவது எங்களுக்குத் தொழில் போகிற விஷயம்.

நான் பழகியது அருவாமனையில். என் பெரியம்மாதான் பழக்கினார். அருவாமனையில் கத்தி அசையாது. பலகையில் நிமிர்ந்து நிற்கும். கூர் நம்மைப் பார்த்திருக்கும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, காயை இரண்டு கையாலும் பிடித்துக் கூரின் மேல் தள்ளுகிறோம். வங்காளம், மகாராஷ்டிரம், ஆந்திரம், கர்நாடகம் என்று பல இடங்களில் வேறு வேறு பெயரில் இதே கருவி உண்டு. தரையில் உட்கார்ந்து சமைத்த சமையலறைக்குப் பொருத்தமான கருவி. மேடையில் நின்று சமைக்கத் தொடங்கியதும் அது மூலைக்குப் போய்விட்டது. பலர் அதைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கூர் எங்கே இருக்கிறது என்பது எப்போதும் தெரிகிறது. அது தன் இடத்தைவிட்டு வராது. நகருவது நம் கைதான். ஆனால் இதில் இரண்டு கையுமே காய் பிடிக்கும் கை. கூர் இரண்டு கைக்கும் நடுவில் போகிறது. காய் சின்னதாகச் சின்னதாகக் கைகள் நெருங்கி வரும். ஆபத்து முழுவதும் அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது.

பெரியம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பீன்ஸ், கொத்தவரை, வெண்டை மாதிரிக் காய்களில் ஒரு பிடியை முடிவுவரை நறுக்க விடமாட்டார். இரண்டு விரற்கடை மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, அந்த மிச்சத்தை அடுத்த பிடியோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். அப்படிச் செய்தால் கையில் எப்போதும் நீளமான பிடி இருக்கும். விரல் கூரைத் தொடவே வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் மிஞ்சுகிற துண்டை ஒடித்துப் போட்டுவிடலாம். கத்தியில் நறுக்கும்போதும் இதையேதான் செய்கிறேன். கேரட்டின் கடைசி நுனிக்காக விரலைக் கத்திக்கு அடியில் கொண்டுபோகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பதறும். ஒரு கேரட் நுனி என்ன விலை!

அருவாமனையைவிட்டு எழுந்தால் அதைச் சாய்த்து, கூர் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். மடக்கு அருவாமனை என்றால் மடக்கிவிட வேண்டும். அதைத் தாண்டிப் போகக் கூடாது. கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கக் கூடாது. கீழே வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று ஊரில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நான் ஆராய்ந்ததில்லை; என் குழுவில் இன்றும் அதே வார்த்தையில்தான் சொல்கிறேன். காரணம் சொன்னால் அசதியில் மறந்துபோகிறார்கள். சண்டை வரும் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஞாபகம் இருக்கிறது.

கத்தியும் பலகையும் எங்கள் வேலைக்குள் பிறகுதான் வந்தன. மண்டபங்களில் மேடை கட்டினார்கள். தரையில் நெடுநேரம் உட்கார முடியாதவர்களும் குழுவில் இருந்தார்கள். நின்று நறுக்குவது வேறு வித்தை. என் மகன் கேட்டரிங் படித்துக்கொண்டிருந்த நாட்களில் விடுமுறைக்கு வந்தவன், நான் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, விரல் நுனி வெளியே தெரியக் கூடாது" என்றான். கையைப் பிடித்து வைத்தும் காட்டினான். விரல் நுனிகளை உள்பக்கம் மடக்கிக் காயின் மேல் ஊன்ற வேண்டும். நகம் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நடுவிரலின் நடுக்கணு எல்லா விரலுக்கும் முன்னால் நிற்கும். கத்தியின் பக்கவாட்டு அந்தக் கணுவை உரசிக்கொண்டே ஏறி இறங்கும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பின்னால் ஒதுங்கிக் காயை அணைத்துப் பிடிக்கும். ஒரே ஒரு கட்டளைதான்: கத்தியின் கூர் அந்தக் கணுவின் உயரத்துக்கு மேலே எழக் கூடாது. கூர் மேலே வராதவரை விரல்மேல் இறங்கவும் வழியில்லை. துண்டின் பருமனைத் தீர்மானிப்பது கத்தி அல்ல, அந்தக் கணு பின்னால் நகருகிற அளவு. ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்கே இதைப் பூனைக் கை என்று சொல்லிப் பழக்குகிறார்கள் என்று அவன் சொன்னான். அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் குழுவிலும் பூனைக் கைதான்.

கத்தி பிடிக்கிற கையிலும் ஒரு விஷயம் உண்டு. பலர் ஆள்காட்டி விரலைக் கத்தியின் முதுகின்மேல் நீட்டிவைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிடித்தால் கத்தி பக்கவாட்டில் ஆடும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கைப்பிடிக்கு ஒட்டிய இடத்தில் தகட்டையே இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து, மற்ற மூன்று விரலால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டால் கத்தி சொன்னபடி போகும். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட வேண்டும். பலகை நகர்ந்தால் எந்தப் பிடியும் பயன்படாது.

புதியவர்களுக்கு நான் முதலில் கத்தியே கொடுப்பதில்லை. வெள்ளரிக்காயும், தோசை திருப்பியும் கொடுப்பேன். தோசை திருப்பியின் விளிம்பைக் கணுவில் உரசவிட்டு மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டு, இடது கையைக் காயின் நீளம் முழுக்க நண்டு நடையில் பின்னால் கொண்டுபோகச் சொல்வேன். ஒருத்திக்கு அரைநாளில் வந்துவிடும். இன்னொருத்திக்கு நாலைந்து விசேஷம் ஆகும். "என்னக்கா, சின்னப் பிள்ளை மாதிரி விளையாட வைக்கிறீங்க" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்து வருடம் வீட்டில் சமைத்துவிட்டு வந்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். விரல் நுனியால் காயைப் பிடித்துப் பழகிவிட்ட கை, கவனம் கொஞ்சம் தப்பினால் பழைய இடத்துக்கே போய்விடும். அவர்கள்தான் அதிகம் வெட்டுப்படுகிறார்கள். ஒன்றும் தெரியாமல் வருகிறவளை நான் இன்னும் நம்பிக்கையோடு சேர்த்துக்கொள்கிறேன். இடது கைப் பழக்கம் உள்ளவர்களை நாங்கள் வலது கைக்கு மாற்றுவதில்லை; வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவைக்கிறோம். முழங்கை பக்கத்து ஆளை இடித்தால் இருவர் விரலுக்கும் ஆபத்து.

பிடி சரியாக இருந்தாலும் காய் உருண்டால் போச்சு. உருண்டையான எதையும் அப்படியே நறுக்கக் கூடாது. முதல் வெட்டு காயைப் பாதியாக்குவதற்கு. அப்புறம் தட்டையான முகத்தைப் பலகைமேல் கவிழ்த்துவிட்டால் அது நகராது. உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் இதுதான். கேரட்டுக்கு நீளவாக்கில் ஒரு பக்கம் மெல்லிசாகச் சீவி எடுத்துவிட்டால் அதற்கும் உட்கார ஒரு முகம் கிடைத்துவிடும். வெங்காயத்தில் வேர்ப்பக்கத்தை முதலில் வெட்டக் கூடாது. இதழ்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அதுதான். வேர் போனால் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், கத்தியும் கூடவே வழுக்கும்.

பூசணியும் பரங்கியும் பலத்தால் ஆகிற காரியம் அல்ல. கத்தி பாதியில் சிக்கிக்கொண்டால் பலர் இடது கையைக் கத்தியின் முனையில் வைத்து அழுத்துவார்கள். நான் அலறிவிடுவேன். காம்பைச் சுற்றி முதலில் எடுத்துவிட வேண்டும். அந்த இடம்தான் மிகக் கடினம். பிறகு கத்தியைப் பதித்து, காயையும் கத்தியையும் சேர்த்துத் தூக்கிப் பலகையில் மெல்லத் தட்டினால் தானாகப் பிளக்கும். சேனை வேறு வகை. மண்ணைக் கழுவினால் வழுக்கும், கழுவாவிட்டால் மண் கூரைத் தின்றுவிடும். நாங்கள் காய்ந்த துணியால் மண்ணைத் துடைத்து, தோலைத் தடிமனாகச் சீவி, துண்டு போட்ட பிறகுதான் கழுவுகிறோம். சேனையில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, அரிப்பு அதனால்தான். அரிக்கிற கை ஒழுங்காகப் பிடிக்காது. அரிப்பைத் தடுக்க எண்ணெய் பூசிக்கொள்வார்கள். வாழைக்காய்ப் பிசினுக்கும் வாழைப்பூவுக்கும் பலாக்காய்ப் பாலுக்கும் அப்படியே. பூசிக்கொள்ளட்டும், ஆனால் காய் பிடிக்கிற கையில் மட்டும். அதே எண்ணெய் கைப்பிடியில் பட்டால் கத்தி கைக்குள் திரும்பிவிடும். எங்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு துணி உண்டு: ஒன்று கை துடைக்க, ஒன்று கைப்பிடி துடைக்க மட்டும். வாழைக்காயும் கத்தரியும் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில்தான் நறுக்கிப் போடுகிறோம், கை எந்நேரமும் நனைந்துகொண்டே இருக்கும். அந்த இரண்டாவது துணி இல்லாமல் நான் யாரையும் உட்கார விடுவதில்லை.

தேங்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும். உடைக்கும்போது பலருக்குப் பயம். அதில் அவ்வளவு ஆபத்து இல்லை. அரிவாளின் முதுகால் நடுவில் சுற்றிச் சுற்றித் தட்டினால் போதும், கூர் மேல்பக்கம்தான் இருக்கும். உண்மையான ஆபத்து கீறும்போது. பாதி மூடியை உள்ளங்கையில் ஏந்தி, கத்தி முனையை ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையில் விட்டு நெம்புகிறார்கள். முனை உள்ளங்கையைப் பார்த்திருக்கிறது. பருப்பு பட்டென்று விடும்போது கத்தி எங்கே போகும்? அது விரல்நுனியைக் கீறுகிற சின்னக் காயமாக இருக்காது. உள்ளங்கையில் குத்தும், அங்கேதான் விரல்களை மடக்குகிற நாண்களும் நரம்புகளும் நெருக்கமாகப் போகின்றன. மூடியைக் கையில் ஏந்தாமல், மடித்த சாக்கின்மேல் வைத்துக் கீற வேண்டும். கத்தி வேண்டாம், முனை மழுங்கிய, வளையாத தகடு போதும். ஓட்டுப் பக்கத்தை அடுப்பில் சற்றுக் காட்டி ஆறவிட்டால் பருப்பு தானே இளகி வரும். துருவினாலே போதுமென்றால் கீறவே வேண்டாம். வீட்டில் உறைந்த இறைச்சியைக் கத்தி முனையால் பிரிக்கிறவர்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன்: இளகவிட்டுப் பிரியுங்கள்.

கத்தி மழுங்கலாக இருந்தால் கைக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புது மருமகளுக்கு மழுங்கல் கத்தியைக் கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்கிறார்கள், ஆனால் அது தப்பு. மழுங்கிய கத்தி தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கி, பிடித்திருக்கிற விரலைத் தேடிப் போகும். இறங்காததால் இன்னும் அழுத்துகிறோம். அழுத்திய பலம் முழுவதும் விரலில் இறங்குகிறது. கூரான கத்தி தன் எடையிலேயே இறங்க வேண்டும். அதனால் கட்டுப்படுத்த வேண்டியது கூரை அல்ல, பிடிக்கிற கையை. மழுங்கிய கத்தி வெங்காயத்தை நசுக்குகிறது, அதனால் கண் எரிச்சலும் கூடுகிறது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போது நறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். வெங்காயத்துக்கு உட்காருகிறவர்களுக்குப் பக்கவாட்டில் காற்றாடி வைக்கிறோம். கண் மறைத்தால் கத்தியை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நறுக்குவது கிடையாது.

எங்கள் அருவாமனைகளில் பல திருப்பாச்சேத்திப் பக்கம் அடித்தவை. வீச்சரிவாளுக்குத்தான் அந்த ஊரின் பெயர் வெளியே தெரியும். அங்கே அடித்த அருவாமனையில் உட்கார்ந்து எத்தனையோ கல்யாணத்துக்கு நறுக்கியிருக்கிறோம். இரும்புக் கத்தி துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் கொடுக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன். பொறி பறக்க நெடுநேரம் அழுத்தினால் கூர் சூடேறி நீலம் பாரித்துவிடும். நீலமான இடத்தில் இரும்பின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். இரண்டே நாளில் மழுங்கும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துப் பிடிக்கிற சாணைக்காரர் கிடைத்தால் கூட இரண்டு ரூபாய் கொடுத்தாவது அவரையே வைத்துக்கொள்ள வேண்டும்.

கையுறை போடலாமே என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். வெட்டுத் தாங்கும் நூல்கையுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. நல்லவைதான். இ.என். 388 என்ற ஐரோப்பியத் தர அடையாளம் போட்டவற்றில் வரிசையாக எண்கள் இருக்கும். அதில் இரண்டாவது எண் வெட்டுக்கு, நான்காவது எண் குத்துக்கு. இரண்டும் வேறு வேறு. கூர் உரசிப் போவதைத் தாங்குகிற கையுறை முனை குத்துவதைத் தாங்கிவிடாது. தேங்காய் கீறும்போது இந்தக் கையுறையை நம்பக் கூடாது. சீவுபலகையில் வாழைக்காய் சீவும்போது கட்டாயம் போட வேண்டும். அங்கே கையே கூரின்மேல் போய்வருகிறது, பூனைக் கைக்கு இடமில்லை. ஆனால் மோட்டார் ஓடுகிற எதன் பக்கத்திலும் கையுறை வேண்டவே வேண்டாம். துருவுகிற மெஷினோ காய் வெட்டுகிற மெஷினோ நூலைப் பிடித்தால் விரலைச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அங்கே கையுறையும் வளையலும் துப்பட்டாவும் ஒரே வகை ஆபத்து. மெஷினில் காயைத் தள்ளக் கட்டைதான், விரல் அல்ல. அடைத்துக்கொண்டால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வெட்டுப்படும். பட்டால் முதலில் சமையலறை அலமாரியைத் திறக்கக் கூடாது. மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள். டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியும். சின்ன வெட்டு என்றால் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். ரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் முழுதாக. நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. கயிறு கட்டக் கூடாது. மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தின் அளவை வைத்துக் காயத்தை எடைபோடக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம், உள்ளங்கைப் பக்கமாக, அரை அங்குலம்கூட இல்லாத வெட்டு. ரத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது. "ஒண்ணுமில்லக்கா, ரத்தம் நின்னுருச்சு" என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்காரப் பார்த்தாள். விரலை மடக்கிக் காட்டச் சொன்னேன். அடிக்கணு மடங்கியது, நுனி மடங்கவில்லை. விரலுக்குள் தசை கிடையாது. அதை மடக்குகிற தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன, நாண் வழியாகத்தான் இழுக்கின்றன. நாண் அறுந்தால் விரல் பார்க்க முழுசாக இருக்கும், வேலை செய்யாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நாணைத் தைத்தார்கள், அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி. இன்று அந்த விரல் மடங்குகிறது. விரலின் இரண்டு பக்கமும் உணர்வு நரம்பு ஓடுகிறது. வெட்டுக்கு அந்தப் பக்கம் மரத்துப்போயிருந்தால் அதுவும் காத்திருக்கக் கூடாத காயம். மடக்க, நீட்ட, தொட்டால் தெரிய: இந்த மூன்றையும் பார்க்க எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

துண்டாகிப்போனாலும் கைவிட வேண்டாம். முழுதாகத் துண்டான கட்டைவிரலை முதன்முதலில் 1965இல் ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற இரண்டு மருத்துவர்கள் நுண்ணறுவையால் ஒட்டிப் பிழைக்கவைத்தார்கள். தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். கோவை கங்கா மருத்துவமனைக்கும் இதில் பெயர் உண்டு. துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். துண்டை நேராக ஐஸில் போட்டால் உறைந்து கெட்டுவிடும். தசை இல்லாததால் விரல் மற்ற உறுப்புகளைவிட அதிக நேரம் தாங்கும். அதற்காக நிதானமாகப் போகலாம் என்று இல்லை. இதை எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டிவைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது. அதே பெட்டியில் நீலநிறப் பிளாஸ்திரி இருக்கிறது. நீலத்தில் எந்தக் காயும் இல்லை, கழன்று விழுந்தால் அண்டாவில் பளிச்சென்று தெரியும். பிளாஸ்திரியும் அதன்மேல் ரப்பர் கையுறையும் போடாமல் வெட்டுப்பட்ட கை மறுபடி காயைத் தொடக் கூடாது.

நான் பார்த்த வெட்டுகளில் அதிகமானவை ராத்திரி இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் நடந்தவை. அந்த நேரத்தில் பூனைக் கை தளர்ந்து விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பேச்சும் அப்போதுதான் சூடுபிடிக்கும்; தூக்கத்தை விரட்ட அது வேண்டியும் இருக்கிறது. பேசுங்கள், ஆனால் தலை நிமிர்ந்தால் கை நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வரிசையையும் மாற்றிவிட்டேன். பூசணி, சேனை, வாழைக்காய், வெங்காயம் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும். பின்னிரவுக்குப் பீன்ஸும் கொத்தவரையும். அவை உருளாது, வழுக்காது, நீளமாகப் பிடிக்கலாம். ஆனால் காயே ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து இறங்கினால் இந்த வரிசைக்கு என்ன அர்த்தம்? கைக்கு எவ்வளவு பழக்கினாலும், எத்தனை மணிக்குக் காய் வரும், எத்தனை பேர் உட்காருவார்கள், பின்கட்டில் எத்தனை விளக்கு என்று முடிவு செய்கிறவர் வேறொருவர். விரல் போனால் அது நறுக்கியவளின் கவனக்குறைவு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமே இல்லை.

அதனால் முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுகிறேன். மதியம் மூன்று மணிக்குள் காய் இறங்க வேண்டும். பின்கட்டில் தலைக்கு மேலே விளக்கு வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே கையின்மேல் விழுகிறது. நள்ளிரவில் டீயும் அரைமணி நேர ஓய்வும். காய் தாமதமானால் கூட இரண்டு ஆட்கள், அவர்கள் கூலியோடு. குழுவில் எல்லோரையும் சமையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதியவைத்திருக்கிறேன். விபத்தில் ஊனமானால் உதவித்தொகை கேட்க அந்த அட்டை வேண்டும்.

போன ஆவணியில் ஒரு மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏந்தாயி, வழக்கமா இப்படியெல்லாம் யாரும் கேக்குறதில்லையே?" என்றார்.

"கேக்காததாலதாண்ணே அந்தப் பிள்ளை விரலத் தைக்க வேண்டியதாச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அரிசி பருப்புப் பட்டியலுக்கு மேலேயே 'பின்கட்டு – டியூப்லைட் 4' என்று எழுதிக்கொண்டார். காய் வண்டிக்காரருக்கு என் முன்னாலேயே போன் போட்டு, மூன்று மணி என்று சொன்னார்.